ஞாயிற்றுக்கிழமை ஃபைல்

அத்தியாயம் ஆறு

கம்ப்யூட்டர் மறுபடியும் நின்றுபோனது.

அதுவும் நின்ற இடம் அப்படி. ‘வரைபடத்தைத் திருத்தியவர்’ என்று அடித்து, பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்திருந்தாள் அண்ணி. அதற்கு மேல் ஓர் எழுத்து நகரவில்லை. திரை நடுவில் வட்டம் மட்டும் செக்குமாடு போலச் சுற்றிக்கொண்டிருந்தது. மவுஸை ஆட்டினாள். கீபோர்டைக் குட்டினாள். கடைசியில் மேஜைக்கு அடியில் காலை விட்டு டப்பாவை ஓர் உதை விட்டாள். உள்ளே ஃபேன் ‘உர்ர்’ என்று திட்டிவிட்டுப் பழையபடி சுற்றியது.

தொழில் வட்டாரத்தில் அவள் எல்லோருக்கும் அண்ணிதான். துப்பறியும் ஏஜென்சியை ஆரம்பித்தவன் அவள் கணவன். கொஞ்ச நாளிலேயே அலுத்துப்போய் அவன் கப்பல் வேலைக்குக் கிளம்பிவிட, பெயர்ப்பலகையும் இந்தக் கம்ப்யூட்டரும் அவனுடைய தம்பியும் அவள் தலையில் வந்து விழுந்தன. தம்பிக்குப் பட்டப்பெயர் ரேடியோ. காலையில் திறந்த வாயைத் தூங்கும்போதுதான் மூடுவான். அவன் அண்ணி அண்ணி என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, வருகிற வாடிக்கையாளர்களும் அப்படியே பிடித்துக்கொண்டார்கள்.

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு ரேடியோ உள்ளே வந்தான். கையில் ஒரு சின்ன உறை.

“மருந்து வந்தாச்சு அண்ணி. பேஷண்ட் எப்படி?”

“மூச்சு இருக்கு. பேச்சு இல்ல.”

“கவலைய விடுங்க. செகண்ட்ஹேண்ட் ரேம், செகண்ட்ஹேண்ட் டிஸ்க். ரெண்டும் நம்ம பட்ஜெட்டுக்குள்ள. சாயங்காலம் இது குதிரை மாதிரி ஓடும்.”

“நேத்தும் இதையேதான் சொன்ன. இன்ஜினியர் இன்னும் கொஞ்ச நேரத்துல ரிப்போர்ட் எங்கேன்னு போன் பண்ணுவாரு. நான் என்ன, குதிரை வருதுன்னு சொல்லட்டுமா?”

எரிச்சல் கம்ப்யூட்டர் மேல் மட்டும் இல்லை. எழுதிக்கொண்டிருந்த ரிப்போர்ட் மேலும்தான்.

நகரத்து ஓரத்தில் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டின் முன்வாசல் சிலாப், முட்டுக்கொடுத்த பலகைகளைப் பிரித்த அன்றே இறங்கிவிட்டது. அடியில் நின்ற கொத்தனாருக்கு இடுப்பும் காலும் நொறுங்கி, ஆஸ்பத்திரியில் கிடந்தார். உடைந்த சிலாப்புக்குள் கம்பிகள் இருக்கவேண்டிய நெருக்கத்தில் இல்லை. கட்டியவர்கள் மேல் தவறு சொல்ல முடியவில்லை. அவர்கள் கையிலிருந்த வரைபடத்திலேயே கம்பிகளைத் தள்ளித் தள்ளித்தான் போட்டிருந்தது.

வரைபடம் வந்தது ஓர் இன்ஜினியரின் ஆபீஸிலிருந்து. மாடியில் வீடு, கீழே ஆபீஸ். அவர், கணக்கு பார்க்கும் அவருடைய மச்சினன், கம்ப்யூட்டரில் படம் போடும் ஒரு பெண். ஆபீஸே அவ்வளவுதான். சரியாகப் போட்ட படத்தைப் பிறகு யாரோ திறந்து, கம்பி இடைவெளியை மாற்றிச் சேமித்திருக்கிறார்கள். சேமித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்று ஃபைலிலேயே பதிவாகியிருந்தது. அந்த ஞாயிறு இன்ஜினியரும் மச்சினனும் குடும்பத்தோடு வெளியூர்க் கல்யாணத்தில் இருந்தார்கள். மாற்றுச்சாவியோடு ஆபீஸுக்கு வந்து போனவள் படம் போடும் பெண் மட்டும்தான். எதிர்க்கடைத் தையல்காரர் பார்த்திருக்கிறார். அவளும் மறுக்கவில்லை. மறந்து வைத்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியை எடுக்க வந்தேன், கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை என்றாள்.

நாளைக் காலை கட்டட இலாகாவின் விசாரணை. வெளியாள் ஒருவர் பார்த்து எழுதிய ரிப்போர்ட் கையில் இருந்தால் நல்லது என்று இன்ஜினியர் அண்ணியைத் தேடி வந்தார். வயதானவர், மரியாதையானவர். “எனக்கு அந்த டப்பாவை எங்க அமுக்கி ஆன் பண்றதுன்னுகூடத் தெரியாதும்மா. என் கை பென்சில் கை. எல்லாம் அந்தப் பொண்ணுதான் பாத்துக்கும். பாவம், ஏன் இப்படிப் பண்ணுச்சோ” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த ‘ஏன்’தான் அண்ணிக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. கம்பியைக் குறைத்தால் வீட்டுக்காரருக்கு லாபம், கான்ட்ராக்டருக்கு லாபம். மாதச் சம்பளத்துக்குப் படம் போடுகிற பெண்ணுக்கு அதில் என்ன?

“அண்ணி, டப்பாவைத் திறக்கட்டுமா?”

“திற.”

ரேடியோ பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினான். உள்ளிருந்து தூசி போர்வைபோல எழுந்து இருவர் மூக்கிலும் ஏறியது. ஃபேனுக்குப் பின்னால் ஒரு பல்லி எலும்பும் தோலுமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

“பாருங்க. சம்பளம் வாங்காம இத்தனை நாள் ஒருத்தர் நம்மகிட்ட வேலை பாத்திருக்காரு” என்றான். தும்மினான். ரேம் குச்சியை எடுத்து அதன் இடத்தில் வைத்து அழுத்தினான். இறங்கவில்லை. திருப்பி வைத்தான். அப்போதும் இல்லை.

“மெதுவாடா.”

“மெதுவாத்தான் அழுத்தறேன். இது பிடிவாதம் பிடிக்குது.”

அண்ணி டார்ச் அடித்துப் பார்த்தாள். குச்சியின் அடியில் ஒரு வெட்டு இருந்தது. பலகையில் ஒரு சின்ன மேடு இருந்தது. இரண்டும் வேறு வேறு இடத்தில்.

“கால் சைஸ் பார்க்காம செருப்பு வாங்கிட்டு வந்திருக்க.”

“கடைக்காரன் எல்லாத்துக்கும் பொருந்தும்னு சொன்னானே!”

“அவனுக்கு விக்கணும். சொல்லுவான். எந்தக் கடை?”

“இன்ஜினியர் ஆபீஸ் கம்ப்யூட்டர் முதுகுல ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சே, அந்தக் கடைதான். அவங்களுதும் நம்மளுது மாதிரி கிழம்தான், ஆனா நேத்து நாம பாத்தப்போ பறந்துச்சு. போன வாரம்தான் சரிபண்ணாங்களாம்.”

அண்ணி நிமிர்ந்தாள். “போன வாரமா? சிலாப் விழுந்த அப்புறமா?”

“ஆமா. ஏன்?”

அந்த ஆபீஸ் அவள் கண்முன் வந்தது. கிழிந்த இடத்தில் டேப் ஒட்டிய நாற்காலி. இரண்டு பக்கமும் எழுதித் தீர்த்த பழைய காகிதங்கள். மாடிப்படிக்கு அடியில் பெரிய மெயின் சுவிட்ச். “வேலை முடிஞ்சா மெயினையே இறக்கிடுவோம், கரெண்ட் வீண்தானே” என்று, சட்டைப் பையில் வரிசையாகப் பேனா சொருகிய மச்சினன் பெருமையாகச் சொன்னது. அப்படிப்பட்ட ஆபீஸில், கொத்தனார் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது, திடீரென்று கம்ப்யூட்டரைச் சீர்செய்ய ஆசை வந்திருக்கிறது.

“அந்த ரேமை எடு. கடைக்கு நானும் வரேன்” என்றாள்.

* * *

கடை ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. சுவரோரம் பழைய கம்ப்யூட்டர் டப்பாக்கள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. எது முதலில் விழும் என்று பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். கடைக்காரனுக்கு அந்தச் சந்தில் ‘புதுசு’ என்று பெயர். எதைக் கொண்டுபோனாலும் அவன் வாயில் வருகிற முதல் வார்த்தை அதுதான்.

“இது வேற தலைமுறை ரேம். உங்க போர்டு தாத்தா, இது பேரன். ஒட்டாது. புதுசா ஒண்ணு வாங்கிடுங்களேன்.”

“காலையில எல்லாத்துக்கும் பொருந்தும்னு சொன்னீங்க” என்றான் ரேடியோ.

“எல்லாப் புதுசுக்கும்னு சொன்னேன்.”

“மாத்திக் குடுங்க” என்றாள் அண்ணி.

புதுசு தலைக்கு மேல் தொங்கிய பலகையைக் காட்டினான். விற்ற பொருள் திரும்ப வாங்கப்படாது.

ரேடியோ பலகையை அண்ணாந்து பார்த்தான். “ஒரே ஆணியில நிக்குது. கீழ ஆள் நிக்கற இடம். நாங்க இப்ப ஒரு சிலாப் கேஸ்தான் பாத்துக்கிட்டிருக்கோம். விழுந்தா யார் உள்ள போவாங்கன்னு எங்களுக்கு மனப்பாடம்.”

புதுசு ஓர் அடி தள்ளி நின்றுகொண்டான். முனகிக்கொண்டே பழைய ரேம்கள் கிடந்த தட்டைக் கிளற ஆரம்பித்தான். “எங்கேர்ந்துதான் வர்றீங்களோ. இந்த மாசம் பூரா கஞ்சக் கூட்டம். போன வாரம் ஒருத்தர் வந்தாரு, ஏதோ இன்ஜினியர் ஆபீஸ் மெஷினைத் தோள்ல தூக்கிக்கிட்டு. அவர் உங்களுக்கு அண்ணன்.”

“சட்டைப் பையில வரிசையா பேனா சொருகியிருப்பாரா?” அண்ணி சாதாரணமாகத்தான் கேட்டாள்.

“அவரேதான். ரேம் பழசே போதும்னாரு. டிஸ்க்கும் பழசு. உள்ள இருக்கறது ஒண்ணு விடாம அப்படியே மாத்தற டிஸ்க்குக்குக் காப்பி ஆகணும்னாரு. ஃபேன் கத்துது, மாத்தட்டுமான்னேன். வேணாம். பவர் சப்ளை உப்பியிருக்குன்னேன். அதுவும் வேணாம். ஆனா போர்டுல காசு மாதிரி ஒரு குட்டி பேட்டரி இருக்கும் பாருங்க, அது மட்டும் புதுசா இருக்கணுமாம். பாக்கெட்டைக் கண் முன்னாடி பிரிச்சுப் போடணுமாம். மாத்திட்டியா மாத்திட்டியான்னு உயிரை எடுத்துட்டாரு. நானும் இத்தனை வருஷமா கடை நடத்தறேன், அந்த பேட்டரியைப் பத்தி ஒரு கஸ்டமர் வாயைத் திறந்ததில்ல.”

“அது எதுக்கு?”

“கடிகாரத்துக்கு. இந்தாங்க, இது உங்க தாத்தாவுக்கு ஒட்டும். கேரண்டி கேக்காதீங்க.”

அண்ணி ரேமை வாங்கிக்கொண்டாள். இருப்பதிலேயே அற்பமான சாமானுக்கு மட்டும் மனுஷன் கையைத் தாராளமாக விட்டிருக்கிறான். எதற்கு? தலைக்குள்ளும் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மேலே நகரவில்லை.

* * *

ரேம் இந்தத் தடவை ‘க்ளிக்’ என்று உட்கார்ந்தது. டிஸ்க்கை மாட்ட ஒயர் எட்டவில்லை. ரேடியோ அதை இழுத்து, மடித்து, நூலால் கட்டி எப்படியோ மாட்டினான். முன்னதாகப் பக்கத்து ஆபீஸ் கம்ப்யூட்டரில் அதற்குக் காப்பி ஓடி முடிவதற்குள் இன்ஜினியர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். “சாயங்காலம் நானே வந்து வாங்கிக்கறேம்மா” என்றார். அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றாள்.

எல்லாவற்றையும் பூட்டி, சுவரில் சுவிட்சைப் போட்டார்கள்.

‘கீய்’ என்று ஒரு சத்தம். கறுப்புத் திரை. மேலே வெள்ளையாக இரண்டு வரி. அதோடு சரி.

அண்ணி தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். “ஓடிக்கிட்டிருந்ததையும் கெடுத்தாச்சு. காலையில இருந்து இதே பாடு. எனக்கு இந்த டப்பாவும் வேணாம், இந்தத் தொழிலும் வேணாம்.”

“இருங்க, இருங்க. எழுதியிருக்கறதைப் படிக்கறேன். தேதி தெரியலையாம். எஃப் ஒன் அமுக்கினா மேல போகுமாம்.” அமுக்கினான். திரை மலர்ந்தது. பழைய படங்கள், பழைய ஃபோல்டர்கள் எல்லாம் மளமளவென்று வந்து நின்றன. நிஜமாகவே குதிரைதான்.

ரேடியோ திரையின் கீழ் மூலையைப் பார்த்து விசில் அடித்தான். “அண்ணி, தேதியைப் பாருங்க. எங்கேயோ பழங்காலத்துல இருக்கோம். இந்தக் கணக்குப்படி உங்களுக்கு இன்னும் கல்யாணமே ஆகல. நான் யாரோ, நீங்க யாரோ. எதுக்கு என்னை வேலை வாங்கறீங்க?”

“ஏன் இப்படி?”

“பிளக்கைப் பிடுங்கி வச்சிருந்தோம்ல. அந்தக் காசு பேட்டரி செத்துப்போயிருக்கும். கரெண்ட் இல்லன்னா தேதியை மறந்துடும் போல. பரவால்ல, நாமளே போட்டுக்கலாம்.”

“அப்புறம் போடலாம். முதல்ல வேலை முடியட்டும்.”

ரிப்போர்ட்டைத் திறந்து, கடைசி வரியில் ஒரு கமாவைத் திருத்திச் சேமித்தாள். மூடும்போது ஃபைலின் பக்கத்தில் இருந்த தேதியில் கண் போனது. நகர்ந்த கை அப்படியே நின்றது.

“ரேடியோ. இந்த ரிப்போர்ட்டை நான் எப்ப எழுதினேன்?”

“இப்பதானே.”

“இதுல பாரு.”

குனிந்து பார்த்தான். “அடேயப்பா. நீங்க இதை எழுதினப்போ அந்த சிலாப்புக்குப் போட்ட மணல் ஆத்துல கிடந்திருக்கும்.” சிரித்துக்கொண்டே சொன்னவன் பாதியில் நிறுத்தினான். காலையிலிருந்து முதல் தடவையாக அவன் வாய் தானாக மூடியது.

அண்ணி எழுந்து நடந்தாள். சின்ன அறை. நடப்பதற்கும் இடமில்லை.

“அந்த ஆபீஸ்ல தினமும் மெயினை இறக்கிடுவாங்க. பேட்டரி செத்திருந்தா அந்த மெஷினும் காலையில இப்படித்தான் முழிச்சிருக்கும். இன்னைக்கு என்ன தேதின்னு யாராவது அதுக்குச் சொல்லணும். சொல்றவன் எதைச் சொன்னாலும் அது நம்பும். சிலாப் விழுந்த மறுநாள் உக்காந்து, போன ஏதோ ஒரு ஞாயித்துக்கிழமைன்னு சொன்னாலும் நம்பும்.”

“ஃபைலைத் திறந்து ஒரு தடவை சேமிச்சா போதும். ஞாயித்துக்கிழமை முத்திரை விழுந்துடும்.”

“அப்புறம் யாராவது வந்து சோதிச்சா கடிகாரம் ஒழுங்கா ஓடணும். அதுக்குத்தான் புது பேட்டரி. வெறும் பேட்டரியை மட்டும் மாத்தினா சந்தேகம் வரும். அதனால மெஷினையே சீர்பண்ற மாதிரி ஒரு கூத்து.”

“நாமளும் காலையில இருந்து இந்தக் கூத்தைத்தான் அடிச்சுக்கிட்டிருக்கோம்” என்றான் ரேடியோ. பிறகு முகம் சுருங்கியது. “அண்ணி, அப்ப நம்மகிட்ட எதுக்கு வந்தாங்க? விவரம் தெரியாதவங்கன்னா?”

அண்ணி போனை எடுத்துப் படம் போடும் பெண்ணைக் கூப்பிட்டாள்.

“மேடம்” என்ற குரலில் ஈரம் இருந்தது.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும்மா. காலையில அந்தக் கம்ப்யூட்டரை யார் ஆன் பண்ணுவா?”

“தெரியல மேடம். நான் வரும்போதே ஓடிக்கிட்டிருக்கும்.”

“உனக்கு முன்னாடி யார் வருவா?”

“மச்சினன் சார்தான் கதவைத் திறப்பாரு. சார் சைட்டெல்லாம் பாத்துட்டு மத்தியானத்துக்கு மேலதான் ஆபீஸுக்கு வருவாரு.” மூக்கை உறிஞ்சினாள். “மேடம், அந்தப் படத்தை ப்ரிண்ட் எடுத்து சைட்டுக்கு அனுப்பினது நான்தான். நான் போட்டதுதானேன்னு பாக்காம அனுப்பிட்டேன். இப்ப எல்லாரும் நீதான் நீதான்னு சொல்லும்போது, எனக்கே சந்தேகமா இருக்கு. கண்ணாடி எடுக்க வந்த அன்னைக்கு, ஏதோ ஞாபகத்துல நானே உக்காந்து மாத்திட்டேனோன்னு…”

“அப்படி நினைக்காத. சாயங்காலம் எங்க ஆபீஸுக்கு வா” என்றாள் அண்ணி. போனை வைத்துவிட்டு ரேடியோ பக்கம் திரும்பினாள். “மச்சினனையும் வரச் சொல்லு. ரிப்போர்ட்ல கையெழுத்து வேணும்னு சொல்லு.”

“தேதியைச் சரிபண்ணிடவா?”

“வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி வை.”

* * *

வெயில் சாயும் நேரத்தில் மூவரும் வந்து சேர்ந்தார்கள். இன்ஜினியர் வெள்ளைச் சட்டையில், குடையை மடித்துச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். படம் போடும் பெண் கதவோரத்து ஸ்டூலை விட்டு உள்ளே வரவில்லை. கீபோர்டுக்கு நேர் எதிரில் இருந்த நாற்காலியை ரேடியோ மச்சினனுக்கென்று துடைத்து வைத்திருந்தான். அவன் பேனாக்கள் குத்தாமல் பார்த்து உட்கார்ந்துகொண்டு, “எனக்கு வேலை இருக்கு, சீக்கிரம்” என்றான்.

“ப்ரிண்ட் ஒண்ணுதான் பாக்கி. ஒரே நிமிஷம்” என்று சொல்லி அண்ணி சுவரில் சுவிட்சைப் போட்டாள்.

கீய்.

கறுப்புத் திரை. இரண்டு வெள்ளை வரி.

“ஐயோ, மறுபடியுமா?” என்று அண்ணி நெற்றியில் அடித்துக்கொண்டாள். நாளெல்லாம் பழகியதால் நடிக்கத் தேவைப்படவில்லை. “ரேடியோ, என்னடா இது?”

“எனக்கென்ன தெரியும் அண்ணி? செத்துடுச்சுன்னு நினைக்கறேன்.”

இருவரும் மச்சினனின் கைகளையே பார்த்தார்கள். பழகிய கை சும்மா இருக்காது. ஒரு விரல் எஃப் ஒன்னைத் தேடிப் போனால் போதும்.

மச்சினன் திரையை எட்டிப் பார்த்தான். “கரெண்ட் போயிடுச்சா?” என்றான். பிறகு மேஜைக்கு அடியில் குனிந்து, “ஒயர் கழண்டிருக்கும். நான் இதையெல்லாம் தொடமாட்டேன். ஷாக் அடிக்கும்” என்று கையை மடியில் கட்டிக்கொண்டான். அதில் பொய் துளியும் இல்லை.

நாள் முழுக்கக் கட்டிய கோட்டை கண் முன்னால் சரிந்தது. நாளைக் காலை விசாரணை. கையில் ஒன்றுமில்லை. கதவோரம் அந்தப் பெண் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“எவ்வளவு நேரம்மா இது?” என்றார் இன்ஜினியர், பொறுமை இழந்து. “எனக்கு அங்க வக்கீல் காத்துக்கிட்டிருக்காரு. தள்ளுங்க.”

எழுந்து வந்தார். மச்சினன் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி எஃப் ஒன்னைத் தட்டினார். திரை மலர்ந்ததும் மவுஸைப் பிடித்து, கீழ் மூலைக்குப் போய், தேதியைத் திறந்து, வருஷம், மாதம், நாள் என்று கீபோர்டைப் பார்க்காமலே அடித்து முடித்தார். காலையில் எழுந்து பல் தேய்க்கிற மாதிரி, கை தன்பாட்டுக்குச் செய்தது.

“அவ்வளவுதான். இப்ப ப்ரிண்ட் எடுங்க” என்று திரும்பினார்.

யாரும் அசையவில்லை. ரேடியோகூட.

“பென்சில் கை நல்லாத்தான் அடிக்குது சார்” என்றாள் அண்ணி மெதுவாக.

இன்ஜினியர் அவளைப் பார்த்தார். தன் விரல்களைப் பார்த்தார்.

மச்சினன்தான் முதலில் பேசினான். அவனுக்கு இன்னும் எதுவும் விளங்கவில்லை. “மாமா, நீங்க எப்படி… அந்த பேட்டரியைக்கூட நீங்கதானே மாத்தச் சொன்னீங்க? புதுசுதானான்னு பாத்து வாங்குன்னு கடையில நிக்கும்போதுகூடப் போன் மேல போன் போட்டீங்களே?”

“நீ சும்மா இரு” என்றார் இன்ஜினியர். ஆனால் குரலில் அதட்டல் இல்லை.

“தினமும் மாடியிலேர்ந்து இறங்கி வந்து மெயினைப் போட்டு, மெஷினை எழுப்பி, தேதி சொல்லிட்டு, அப்புறம்தான் நீங்க சைட்டுக்குப் போவீங்க” என்றாள் அண்ணி. “இவர் கதவைத் திறக்கும்போது அது ஓடிக்கிட்டிருக்கும். யார் ஆன் பண்ணதுன்னு ஆபீஸ்ல யாருமே கேட்டதில்ல. ஒருநாள் காலையில மட்டும் நீங்க அதுக்கு வேற தேதி சொல்லியிருக்கீங்க. இந்தப் பொண்ணு தனியா வந்து போனதைத் தையல்காரர் உங்ககிட்டயும் சொல்லியிருப்பாரு.”

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டைக்குள் ஆள் பாதியாகிவிட்டது போலிருந்தது.

“வீட்டுக்காரன் நச்சரிச்சான். செலவு எகிறுது, குறைங்க குறைங்கன்னு. கம்பியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டா ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன். நிக்கும்னுதான் நினைச்சேன்.” கதவுப் பக்கம் திரும்பினார். “அம்மா…”

படம் போடும் பெண் எழுந்து நின்றிருந்தாள். அவள் அழவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

“நான் பண்ணல” என்றாள். அது அவரிடம் சொன்னதாகத் தெரியவில்லை. தனக்கே சொல்லிக்கொண்டாள். மறுபடியும், கொஞ்சம் சத்தமாக, “நான் பண்ணல.”

“என்னை மன்னிச்சிடும்மா.”

“என்கிட்ட வேணாம் சார். ஆஸ்பத்திரிக்கு வாங்க. கொத்தனார் சம்சாரம், நான் கொண்டுபோன பழத்தை வராண்டாவுல வீசிட்டாங்க. அவங்க முன்னாடி சொல்லுங்க.”

அவர் அண்ணியைப் பார்த்தார். ஏதாவது வழி கிடைக்குமா என்று தேடுகிற பார்வை. அண்ணி குடையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“நாளைக்கு இலாகாவுல சொல்லத்தான் போறீங்க. முதல்ல அங்க சொல்லுங்க. நாங்களும் வரோம்.”

* * *

பார்வையாளர் நேரம். வார்டில் எல்லாக் கட்டிலைச் சுற்றியும் ஆட்கள். கொத்தனார் சுவரோரக் கட்டிலில், கால் மேலே தூக்கிக் கட்டப்பட்டு, கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். பக்கத்தில் ஒரே ஒரு ஸ்டூல். அதில் அவர் மனைவி. படம் போடும் பெண் வருவதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இன்ஜினியர் கால்மாட்டில் நின்று சொன்னார். சுருக்கமாகத்தான் சொன்னார். படத்தை மாத்தினது நான்தான். பழியை இந்தப் பொண்ணு மேல போட்டதும் நான்தான். பக்கத்துக் கட்டிலில் பேச்சு நின்றது. ரேடியோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த மனைவி கத்துவாள், பாய்வாள் என்று அண்ணி தயாராகத்தான் நின்றாள். அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் தலையை மட்டும் தூக்கினார்.

“அப்ப நான் கட்டுனதுல கோளாறு இல்லையே சார்?”

“இல்லப்பா.”

“கலவையில?”

“இல்ல. எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு.”

“படுத்த நாளா இதே நினைப்பு. எங்க விட்டேன், எங்க விட்டேன்னு.” தலையணையில் சாய்ந்தார். கண்ணோரம் நனைந்திருந்தது. மனைவி பக்கம் திரும்பி, “கேட்டுக்கிட்டியா?” என்றார்.

அவள் எழுந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இன்ஜினியரை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஸ்டூலைக் காலால் நகர்த்தி, படம் போடும் பெண்ணின் பக்கமாகத் தள்ளினாள்.

“நீ உக்காரும்மா. எவ்வளவு நேரம் நிப்ப” என்றாள்.